அஞ்சு மணி பஸ்ஸும் படத்தின் முடிவும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் மூக்கு நுனியிலேயே நிற்கும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் குன்னூர் பஜாரில் யாரைக் கேட்டாலும் உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏற்றத்தில் இருக்கிற பழைய சினிமாக் கொட்டகையில், பெண்கள் கவுண்ட்டரில் பத்தொன்பது வருஷம் டிக்கெட் கிழித்தவள் நான். அந்தக் கொட்டகையை மூடினார்கள், கேரட் மூட்டை அடுக்கும் குடோன் ஆக்கினார்கள், பதினாறு வருஷம் கழித்து இப்போது மறுபடியும் திறந்திருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் சோறு இறங்காததற்குக் காரணம் பயம். என்றைக்கோ நான் சொன்ன ஒரு பொய் அவ்வளவு பெரிய திரையில் ஊர் பார்க்க அகப்பட்டுக்கொள்ளப் போகிறதே என்ற பயம்.

கொட்டகையைக் கட்டியது வெள்ளைக்காரர்கள். சினிமாவுக்காகக் கட்டவில்லை, தேயிலைத் தோட்டத்துத் துரைமார் ஜோடி சேர்ந்து ஆடுவதற்காகக் கட்டின மண்டபம். அதனால் தரை முழுக்கப் பலகை. துரைமார் கப்பலேறின பிறகு உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்த ஒரு முதலாளி அதை வாங்கித் திரை கட்டினார். பலகையை மட்டும் அவர் மாற்றவில்லை. பெஞ்சு டிக்கெட்டில் ஒருத்தர் எழுந்து நடந்தால் பால்கனி வரைக்கும் டொக் டொக் என்று கேட்கும். மேலே தகரக் கூரை. ஜூன் மாசத்து மழை பிடித்துக்கொண்டால் ஒரு வசனம் காதில் விழாது. அதற்கெல்லாம் யாரும் கவலைப்பட்டதில்லை. இரண்டாம் தடவை பார்க்க வந்தவர் யாராவது ஒருத்தர் தொண்டை கிழிய வசனத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார், மற்றவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்பார்கள். மேற்குப் பக்கத்துக் காற்றோட்ட ஓட்டைகளில் மறக்காமல் சாக்கு அடைக்க வேண்டும். மறந்தால் மிஸ்ட், அதுதான் மலைப் பனிமூட்டம், உள்ளே வந்துவிடும். வந்தால் புரொஜெக்டர் வெளிச்சம் வெள்ளைத் தூண் மாதிரி நிற்கும், படம் எங்கே போனது என்று தேட வேண்டியதுதான்.

என்னுடைய அறை, உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் இடிக்கிற அறை. சுவரில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதற்கு மேலே கம்பி வலை, அந்த வலைக்கும் எந்தப் புண்ணியவானோ பச்சைப் பெயிண்ட் அடித்து அடைத்துவிட்டான். ஆக, வருகிறவர்களின் முகம் எனக்குத் தெரியாது. கைதான் தெரியும். டீச்சர்மார் கையில் சாக்பீஸ் இருக்கும். பேக்கரி ஊட்டுப் பெண்கள் கையில் மைதா வாசம். தோட்டத்துப் பெண்கள் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்துப் போயிருக்கும். அது கொழுந்து கிள்ளுகிற கறை, எந்தச் சோப்புக்கும் போகாது. கொஞ்ச நாளில் கையை வைத்தே ஆளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். எதிரில் வந்தால் முகம் அடையாளம் தெரியாமல் போய்விடுவேன், அப்புறம் திமிர் பிடித்தவள் என்று பேர்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குத் தோட்டத்து ஜனம் மொத்தமாக வரும். காலையில் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்து நான் கவுண்ட்டரைத் திறப்பேன், அவர்கள் அதற்கு முன்னாலேயே வரிசையில் நிற்பார்கள். படம் ரெண்டரைக்கு ஆரம்பம். நியூஸ் ரீல், விளம்பரம், இடைவேளை எல்லாம் போக முடிய அஞ்சரை ஆகும். தோட்டத்துக்குக் கடைசி பஸ்ஸோ அஞ்சு மணிக்கு. அதற்கு மேல் மலைப்பாதையில் காட்டெருமை நிற்கும், மிஸ்ட் இறங்கிவிடும், பஸ் விட மாட்டார்கள். அதனால் டிரைவர் ஒரு உபகாரம் செய்வார். சரியாக அஞ்சு மணிக்குக் கொட்டகை வாசலில் பஸ்ஸை நிறுத்தி இரண்டு தடவை ஹார்ன் அடிப்பார். அவ்வளவுதான், பெஞ்சு வரிசை பாதி எழுந்துவிடும். பலகை அதிரும். கம்பளி போர்த்திய தலைகள் எல்லாம் திரையில் நிழலாகப் போகும். "உக்காருங்கப்பா, கதாநாயகன் தெரியல!" என்று ஊர்க்காரர்கள் கத்துவார்கள். "நீங்க நடந்து போவீங்க, நாங்க எங்கிட்டுப் போறது?" என்று இவர்களும் பதிலுக்குக் கத்திக்கொண்டே ஓடுவார்கள். முதலாளியிடம் ஆட்டத்தை அரை மணி முன்னால் தள்ளுங்கள் என்று நான் எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்! ரெண்டரை மணிதான் ராசியான நேரம் என்று எவனோ ஒரு ஜோசியக்காரன் அவருக்குச் சொல்லித் தொலைத்திருந்தான்.

ஆக, அந்தத் தோட்டத்து ஜனம் வருஷக்கணக்காகப் படம் பார்த்தது, ஆனால் ஒரு படத்துக்கும் முடிவு பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு ஓட்டைக்குள் கை வரும்போதே கேள்வியும் சேர்ந்து வரும். "அக்கா, அந்த அண்ணன் தம்பி சேந்துட்டாங்களா?" "அந்தக் குருடி கண்ணு தெறந்தாளா?"

எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் நான் சாயங்கால ஆட்டத்து டிக்கெட்டுக்குச் சீல் குத்திக்கொண்டிருப்பேன். வாசலில் டிக்கெட் வாங்கிக் கிழிக்கிறவரைக் கேட்டால் அவர் நாலே வார்த்தையில் சொல்வார்: "வில்லன் செத்தான். கல்யாணம் ஆச்சு." அதைப் போய் வரிசையில் நிற்கிறவர்களிடம் சொன்னால், சப்பென்று போய்விடாதா? அதனால் நான் கொஞ்சம் உப்பு புளி சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். வில்லன் எப்படிச் செத்தான், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், என்ன சேலை. வரிசை கலகலவென்று சிரிக்கும். பிறகு பிறகு, முடிவு எனக்குப் பிடிக்காவிட்டால் முடிவையே மாற்றினேன். நல்லவர்கள் செத்துப் போனதாக வந்தால் பிழைக்க வைத்துவிடுவேன். அவர்கள் பார்க்கப் போவதில்லை, எனக்கென்ன நஷ்டம்? இப்படித்தான் இருந்தது என் புத்தி.

சேரம்பாடிக்காரி வந்து நின்ற ஞாயிறு வரைக்கும் அது விளையாட்டுத்தான்.

தோட்டத்தில் வாழ வந்த பெண்ணைப் பிறந்த ஊர்ப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் உண்டு. இவளுடைய அப்பா அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து சேரம்பாடி அரசாங்கத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இவளைக் கட்டிக்கொடுத்தது எங்கள் பக்கத்துத் தோட்டத்தில். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். இடைவேளையில் "தேத்தண்ணி குடிச்சீங்களாக்கா?" என்று ஓட்டை வழியாகக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான். கையில் எப்போதும் அரை டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் கிடக்கும்.

அந்த வாரத்துக்கு முந்தின வாரம் ஓடின படத்தின் கதை இதுதான். ஒருத்தி பணக்கார ஊட்டுக்கு மருமகளாகப் போகிறாள். புருஷன் சந்தேகப் பிராணி, குடிகாரன், கை நீட்டுகிறவன். ஒரு மழையில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறித் தையல் மிஷின் மிதித்துப் பிழைக்கிறாள். பல வருஷம் கழித்து அவனிடமிருந்து ஒரு லெட்டர் வருகிறது: உடம்பு முடியவில்லை, வா. அவள் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் இரண்டு ஹார்ன்.

முடிவு எனக்குத் தெரியும். வாசல்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார். திரும்பிப் போகிறாள், அவன் காலில் விழுகிறாள், அவன் மன்னிக்கிறான், அவன் மடியிலேயே நெற்றிக் குங்குமத்தோடு உயிரை விடுகிறாள். என்ன கொடுமைடா சாமி! அடித்தவன் மன்னிக்கிறானாம், அடி வாங்கினவள் சாகிறாளாம்.

அந்த ஞாயிறு ஓட்டைக்குள் கறுத்த விரல்கள் வந்தன. வளையல் இல்லை. ஒன்றுகூட இல்லை. மணிக்கட்டு வீங்கிக் கன்றிப் போயிருந்தது, வளையல் உடைந்து குத்தின கோடுகள் வரிசையாக இருந்தன. தேயிலைச் செடி கீறினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது செடி கீறினதில்லை.

"அக்கா, அவ அந்தாளுகிட்டத் திரும்பிப் போனாளா?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "போகல" என்றேன்.

"போகலியா?"

"எதுக்குப் போகோணும்? லெட்டர மடிச்சு வெச்சுட்டு மிஷின மிதிக்க ஆரம்பிச்சுட்டா. மகளப் படிக்க வெச்சா. அவ நர்ஸாயிட்டா. கடசில அவன் ஆஸ்பத்திரில கெடக்கறான், ஊசி போட வர்றதே அவ மகதான். யாருன்னு தெரிஞ்சு அழுவறான். அம்மாக்காரி வாசல்லயே நின்னு பாத்துட்டு, ஊட்டுக்குப் போயிட்டா."

"செத்துப் போகலியாக்கா? எல்லாப் படத்துலயும் செத்துருவாளுங்களே."

"அவ எதுக்குப் புள்ள சாவோணும்? நல்லாத்தான் இருக்கா."

கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பின்னால் நின்றவள் "சீக்கிரம் குடுங்க" என்று கத்தினாள், நானும் பதிலுக்குக் கத்தினேன்.

இரண்டு மாசம் கழித்து, அந்தத் தோட்டத்துப் பெண்கள்தான் சொன்னார்கள். சேரம்பாடிக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் ஊட்டை விட்டு வந்துவிட்டாள். தோட்டத்து ஆபீசில் போய் நின்று, வேலை என் பேரில் இருக்கிறது, லயத்து வீட்டு வரிசையில் எனக்குத் தனி வீடு கொடுங்கள் என்று கேட்டு, கீழ் டிவிஷனில் வாங்கியும்விட்டாள். அவன் வந்து கூப்பிட்டபோது போகவில்லையாம். கேட்டவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தின் கதையைச் சொன்னாளாம். அவள் சொல்லச் சொல்ல, லயம் முழுக்க அந்த முடிவு பரவி, வருஷம் ஒன்று கழித்து எவளோ ஒருத்தி வந்து எனக்கே அதைச் சொன்னாள். அதற்குள் ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டு வேறு சேர்ந்திருந்தது!

அவள் மகள் நிஜமாகவே நர்ஸ் ஆனாள். ஊட்டியில் ஆஸ்பத்திரி வேலை. வேலை கிடைத்த அன்று சேரம்பாடிக்காரி ஒரு கிலோ வர்க்கி பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். "அந்தப் படம் போட்ட புண்ணியம்க்கா" என்றாள்.  அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாய் நீளம் என்று பேர், வேண்டிய நேரத்தில் வாய் வரவில்லை.

இரண்டு தடவை சொல்லப் போனேன், இரண்டு தடவையும் அவள் சிரித்த முகத்தைப் பார்த்துத் திரும்பி வந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தேன். சாமியார் பொறுமையாக முழுக் கதையும் கேட்டுவிட்டு, "அது சரி, நெஜத்துல அந்தப் படத்துக்கு என்ன முடிவு?" என்றார். மாதாவே! நான் என்னத்தைச் சொல்ல? சொன்னேன். "ச்சே" என்று சொல்லி மூன்று அருள் நிறை மந்திரம் தண்டனை கொடுத்து அனுப்பினார்.

இதற்கு நடுவிலேயே வீட்டுக்கு வீடு டீவி வந்தது, சி.டி. வந்தது, கொட்டகையில் கூட்டம் குறைந்தது. ஒரு மழைக்காலத்தில் மூடினார்கள். நான் பேக்கரியில் வர்க்கி எடை போடப் போனேன். பதினாறு வருஷம் அந்தப் பக்கம் போனால் கேரட் வாசம்தான் வரும். எனக்கு அது பழகிப்போய்விட்டது. மனசு கனத்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பேக்கரியில் கால் நீட்டி உட்கார இடம் இருந்தது.

முதலாளியின் பேத்திதான் கொட்டகையைத் திரும்ப எடுத்தவள். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், இங்கே வந்து கேரட் மூட்டையை எல்லாம் காலி பண்ணிவிட்டு, ஞாயிறு ஞாயிறு பழைய படம் போடப் போகிறேன், பழைய மாதிரியே கையால் டிக்கெட் கொடுக்கணும், நீங்கதான் வரணும் ஆன்ட்டி என்று பேக்கரி வாசலில் வந்து நின்றாள். எனக்கு உள்ளூர ஒரே குஷி. இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல், "அந்தப் பச்சை வலையை எடுத்தாத்தான் வருவேன் கண்ணு, எனக்கு மூஞ்சி தெரியோணும்" என்றேன். மறுநாளே எடுத்துவிட்டாள்.

வேலை நடந்த மூன்று மாசமும் நான் அங்கேதான். சமவெளியிலிருந்து வந்த கான்ட்ராக்டர் ஒருத்தர், மேற்குச் சுவரில் நாலு பெரிய மின்சாரக் காத்தாடி வைத்தார். "ஏனுங்க, அங்க சாக்கு அடைக்கற எடமுங்க அது" என்றேன். "அம்மா, காத்து வரணும்ல" என்றார். வெள்ளோட்டத்து அன்றைக்கு நாலு காத்தாடியும் சேர்ந்து வெளியில் நின்ற மிஸ்ட் மொத்தத்தையும் உள்ளே இழுத்துவிட்டன. அரை மணி நேரம் பக்கத்து நாற்காலியில் யார் என்று தெரியவில்லை. கான்ட்ராக்டர் கைப்பேசி டார்ச்சைப் போட்டுக்கொண்டு தன் செருப்பைத் தேடினார். நான் சிரித்த சிரிப்பில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுநாள் காத்தாடியைக் கழற்றிச் சாக்கு அடைத்தார்கள்.

எல்லாம் இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெட்டி வந்தது. முதல் படம் எதுவாக இருக்க வேண்டும் என்று ஜனங்களே எழுதிப் போடட்டும் என்று பேத்தி வாசலில் ஒரு பெட்டி வைத்தாள். பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் பிரித்தவள், "ஆன்ட்டி, இது என்ன படம்? நான் கேள்விப்பட்டதே இல்ல. ஒரே தோட்டத்துலேர்ந்து எல்லாரும் இதையே எழுதியிருக்காங்க" என்றாள்.

பேரைப் பார்த்தேன். அதே லெட்டர் படம்.

சேரம்பாடிக்காரி வேலையிலிருந்து ரிட்டையர் ஆகியிருந்தாள். லயத்துக்கு லயம் போய் எழுத வைத்திருக்கிறாள். "மகளும் செல்லுல தேடித் தேடிப் பாத்துட்டாக்கா, எங்கயுமே இல்ல. நம்ம கொட்டகைல போட்டாத்தான் உண்டு. சாகுறதுக்குள்ள அந்த முடிவ ஒரு தடவ கண்ணால பாக்கணும்" என்று என்னிடமே வந்து சொன்னாள். சென்னையில் பழைய படங்களைச் சேர்த்து வைத்திருக்கிற ஒருத்தரிடம் பேத்தி அதைக் கண்டுபிடித்தும்விட்டாள். கெட்டிக்காரி! அன்றைக்கு அவள் கெட்டிக்காரத்தனத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமல்ல.

"முதல் நாளே அழுவாச்சிப் படமா கண்ணு? சிரிப்புப் படம் போடு" என்றேன். கேட்கவில்லை. "தோட்டத்து ஜனம் அஞ்சு மணி பஸ்ஸைப் புடிக்கணும்னு சொல்வீங்களே ஆன்ட்டி, அதனால ஆட்டத்த ரெண்டு மணிக்கே வச்சுட்டேன். எல்லாரும் முடிவு பாத்துட்டுப் போகட்டும்" என்றாள். பத்தொன்பது வருஷம் எதற்காகச் சண்டை போட்டேனோ அது கைக்கு வந்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ரெண்டரைதான் ராசியான நேரம், உன் தாத்தாவே அதத்தான் வெச்சிருந்தாரு" என்று அந்த ஜோசியக்காரனுக்கு வக்காலத்து வாங்கினேன். பேத்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். குட்டு வெளிப்படாமல் இருக்க மனுஷி எதையெல்லாம் பேசுவாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

என் பயம் என் மானத்தைப் பற்றி இல்லை. அது ஏற்கெனவே பஜாரில் கிடக்கிறது. அவளைப் பற்றித்தான். அந்த முடிவை நம்பித்தான் அவள் ஊட்டை விட்டு வந்தாள், மகளை நர்சுக்குப் படிக்க வைத்தாள். படமே அவளைப் போய்க் காலில் விழு என்றுதான் சொல்லியிருந்தது என்று தெரிந்தால், முப்பது வருஷத்துக்கு மேல் தலை நிமிர்ந்து நின்றவள் என்ன நினைப்பாள்? தான் ஏமாந்து போனதாக நினைத்துவிட்டால்?

திறப்பு விழாவுக்குக் கூட்டம் சொல்ல முடியாது. ஓட்டை பழைய ஓட்டைதான், வலை இல்லாததால் இப்போது முகங்கள் தெரிந்தன. நிறையப் பேருக்கு முடி நரைத்திருந்தது. கையைப் பார்த்ததும்தான் எனக்கு ஆள் விளங்கியது. சேரம்பாடிக்காரி பச்சைச் சேலை, பச்சைக் கண்ணாடி வளையல் எல்லாம் போட்டு வந்திருந்தாள். "அக்கா, இன்னிக்கு நீங்க சீல் குத்தக் கூடாது. என் பக்கத்துல உக்காந்து பாக்கணும்" என்று என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ரெண்டு மணிக்குப் படம் என்றார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஒருத்தர் பேசினார். அவரைப் பாராட்டி இன்னொருத்தர் பேசினார். பாராட்டினவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், அதற்கு அவர் நன்றி சொல்லிப் பேசினார். எனக்கு வாழ்நாளில் மேடைப் பேச்சு பிடித்த ஒரே நாள் அதுதான். இன்னும் பேசுங்க சாமி, நல்லாப் பேசுங்க என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். படம் ஆரம்பிக்கும்போது ரெண்டரை தாண்டிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடிவுக்கு முன்னால் பஸ் வந்துவிடும்.

படம் ஓடியது. அவன் அடித்தான், அவள் வெளியேறினாள், மிஷின் மிதித்தாள். தோட்டத்துப் பெண்கள் வசனத்தை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார்கள். லெட்டர் வந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வெளியே இரண்டு ஹார்ன்.

அந்தத் தோட்டத்துக்குக் கடைசி பஸ் இன்றைக்கும் அஞ்சு மணிக்குத்தான். ராக்கெட் எல்லாம் விடுகிறார்கள், சாயங்காலம் ஒரு பஸ் கூடுதலாக விடச் சொன்னால் முடியவில்லை. இப்போதைய டிரைவர் சின்ன வயசுக்காரர், பழைய வழக்கத்தை யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சத்தம் கேட்டதும் பாதிப் பெஞ்சு தானாக எழுந்துவிட்டது. பலகை டொக் டொக்கென்றது. "உக்காருங்கப்பா!" என்று பின்னாலிருந்து குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் எழுந்து, "வா புள்ள, பஸ்ஸு போயிரும்" என்று அவள் கையைப் பிடித்தேன்.

அவள் அசையவில்லை. "போறவங்க போங்கடி. நான் முடிவு பாக்காம எந்திரிக்க மாட்டேன். நடந்தே போறேன்" என்றாள்.

யாரோ வெளியே போய் டிரைவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, கண்டக்டரையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்து சுவரோரம் நின்றார். "பாருங்க பாருங்க, அர மணி நேரந்தானே" என்றார். நல்ல மனுஷன்தான். அன்றைக்கு அவரைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது.

எல்லோரும் திரும்ப உட்கார்ந்தார்கள். திரையில் அவள் லெட்டரை மடித்தாள். பெண்கள் எல்லாம் ஆவென்று பார்த்தார்கள். அவள் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். மழையில் ஓடினாள். அவன் காலில் விழுந்தாள். அவன் மன்னித்தான். அவள் செத்தாள்.

விளக்கு போட்டதும் தோட்டத்து வரிசை கொதித்தது. "படத்த மாத்திட்டாங்க!" "மக எங்க? நர்ஸ் எங்க?" "கடைசி ரீல வெட்டிட்டாங்கடி!" பேத்தி ஒன்றும் புரியாமல் மேடையில் முழித்துக்கொண்டு நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது, குன்னூர்க் குளிரில்.

சேரம்பாடிக்காரி எழுந்தாள். "சும்மா இருங்கடி. படம் சரியாத்தான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல் நேராக வெளியே போய் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன்.  அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தெரியவில்லை.

"ஏன்க்கா அப்பிடிச் சொன்னீங்க?" என்றாள்.

"உன் கையப் பாத்துட்டேன் புள்ள" என்றேன். "அன்னிக்கு அந்த ஓட்டைல உன் கை வந்துச்சு. வளையல் இல்ல. அதப் பாத்துட்டு, அவ திரும்பிப் போனான்னு என் வாயால எப்பிடிச் சொல்றது?"

அவள் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். "ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னு கம்பளியச் சுத்திட்டுத்தானே வந்தேன்."

"டிக்கெட் வாங்க வெளிய நீட்டினியே."

 மற்றவர்கள் படத்தைத் திட்டிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்கள். டிரைவர் வந்து இன்ஜினைப் போட்டார். அப்போதுதான் அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். கொழுந்து கிள்ளுவதை விட்டு வருஷமாகியும் அந்த விரல் கறுப்பு போகவில்லை.

"நல்ல வேளைக்கா, அன்னிக்கு பஸ்ஸு வந்துச்சு" என்றாள். "இந்த முடிவ நான் அப்பப் பாத்திருந்தா, அவளே போறா, நாம எம்மாத்திரம்னு, அந்தாளு வந்து கூப்பிட்டப்ப நானும் போயிருப்பேன்."

 நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்த ஞாயிறு என்ன படம்?" என்று கேட்டாள்.

"தெரியல புள்ள. பெட்டி தெறந்தாத்தான் தெரியும்."

"எதுவா இருந்தாலும் சரி. ஹார்ன் அடிச்சதும் நான் எந்திரிச்சு வந்துருவேன். முடிவ நீங்க சொல்லுங்க."

பஸ் நகர்ந்தது. வளைவு வரைக்கும் அவள் கையை உள்ளே எடுக்கவில்லை, வளையலோடு ஆட்டிக்கொண்டே போனாள். "கைய உள்ள இழு புள்ள, எதுத்தாப்பல வண்டி வருது!" என்று ரோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.